மழுங்கியது கத்தியா? நாமா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது வேலையில்லாத் திண்டாட்டம், இளைஞர் சக்தி, தாயன்பு எல்லாவற்றுக்கும் ஆட்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து விட்டார்கள். "நான் கத்தி தீட்டுவதைப் பற்றி எழுதறேன்" என்றதும் மலர்க் குழுவில் ஓர் அமைதி! "கத்தின்னு தலைப்பு வச்சா பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட மாட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். கூப்பிட மாட்டார்கள். நான் சொல்லப் போவது மடக்கிப் பையில் வைக்கிற பாக்கெட் கத்தியைப் பற்றி. அதிலும் ரம்பம் மாதிரி பல் வைத்த கத்தியைப் பற்றி. அதை யாரும் காலேஜுக்குக் கொண்டு வரவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் வைத்தே செய்ய வேண்டிய வேலையைத்தான் எழுதுகிறேன்.

"இதுக்கெல்லாம் சாணை பிடிக்க முடியாதுப்பா, புதுசு வாங்கிக்க." பல் வைத்த கத்தியை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கிற பதில் இதுதான். இந்தப் பதில் தவறு என்பதும், தவறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்த நாம்தான் என்பதும் என் கருத்து.

முதலில் இந்தப் பல் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்கிற நினைப்பை விட்டுவிடுவோம். பனை மட்டையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு ஓரமும் ரம்பம் போல் கையைக் கிழிக்கும். அதற்குக் கருக்கு என்று பெயர். அதே பெயரைத்தான் நம் முன்னோர் கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் வைத்தார்கள், கருக்கரிவாள் என்று. பாகூர் பக்கம் வயலில் அறுவடை மெஷின் இறங்குவதற்கு முன்னால் நெல் அறுத்ததெல்லாம் கையரிவாளால்தான். வழவழப்பான நெல் தாள் மொட்டை அலகில் வழுக்கும், பல் இருந்தால் பிடித்து நிற்கும். கருக்கரிவாளின் பல்லைக் கொல்லர் உளியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார். தேய்ந்தால் திரும்பவும் பட்டறைக்குப் போகும், திரும்பவும் கருக்கு வெட்டுவார். "பல் போச்சு, தூக்கிப் போடு" என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. தச்சர் வீட்டு ரம்பத்துக்கும் இதே கதைதான். முக்கோண அரத்தை வைத்து ஒவ்வொரு பல்லாக ராவி எடுப்பார். அரம் என்ன நேற்று வந்த கருவியா? திருவள்ளுவரே 888-ஆம் குறளிலும் 997-ஆம் குறளிலும் அரத்தை உவமையாக எடுத்திருக்கிறார். ஆக, பல்லைக் கூராக்கத் தெரியாத ஊர் அல்ல நம் ஊர்.

அப்படியானால் பாக்கெட் கத்தி விஷயத்தில் மட்டும் ஏன் கையை விரிக்கிறார்கள்? அதன் பல்லின் வடிவம் வேறு, அதுதான் காரணம். ரம்பத்தின் பல் முக்கோணம். பாக்கெட் கத்தியின் பல்லோ பெரும்பாலும் குழி குழியாக, பிறை பிறையாக இருக்கும். இரண்டு குழிகளுக்கு நடுவில் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் கவனியுங்கள். பெரும்பாலான கத்திகளில் இந்தக் குழியெல்லாம் ஒரு பக்கம்தான் சாய்வாகக் கடையப்பட்டிருக்கும், மறுபக்கம் சமமாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பல் எதற்காக? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உயிரோடு இருக்கிறது. நம் கை கொடுக்கும் விசை முழுவதும் முதலில் சில முனைகளின் மேல் மட்டும் விழுகிறது. முனை நைலான் கயிற்றின் தோலைக் கிழித்து உள்ளே இறங்குகிறது. இழை குழிக்குள் சிக்குகிறது, வழுக்கி ஓட வழியில்லை. குழியின் விளிம்பு மீதியை அறுக்கிறது. அதோடு, குழி அரைவட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் வளைவு நீளம் விட்டத்தைப் போல் 1.57 மடங்கு. உண்மையில் அவ்வளவு ஆழமாக இருக்காது, ஆனாலும் அதே நீளக் கத்தியில் வெட்டும் விளிம்பு கூடுதலாகக் கிடைக்கிறது. முனைதான் பலகையிலும் கல்லிலும் இடிபடுவதால் குழிக்குள் இருக்கும் கூர் சீக்கிரம் போகாது. பல் கத்தி நாள்பட உழைப்பதன் ரகசியம் இதுதான். அதே காரணத்தால்தான் "தீட்டவே தேவையில்லாத கத்தி" என்று சொல்லி விற்றும் விடுகிறார்கள். தேவையில்லாத கத்தி என்று உலகத்தில் எதுவும் கிடையாது, தாமதமாகத் தேவைப்படும் கத்தி உண்டு.

நம்ம ஊரில் இது யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். பிரான்சில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகள் புதுச்சேரியில் எத்தனை! லீவுக்கு வருகிறவர்கள் சாக்லேட்டோடு ஒரு மடக்குக் கத்தியும் கொண்டு வந்து கொடுத்து விட்டுப் போவார்கள். நீள ரொட்டி அறுக்கிற பல் கத்தி இருக்கும் வீடுகளும் இங்கே நிறைய, அதற்கும் இதே வைத்தியம்தான். ஆனால் உண்மையில் இந்தக் கத்தியை நம்பி இருப்பவர்கள் வம்பாகீரப்பாளையத்திலும் வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் இருக்கிற கடல் தொழிலாளிகள். என் அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அதனால் இதை என்னால் தைரியமாக எழுத முடியும். வலை ஓடும்போது கயிறும் கூடவே ஓடும். ஓடுகிற கயிற்றின் சுருக்கில் கால் மாட்டினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு இழுப்பில் கயிறு அறுபட வேண்டும். இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டாலும் கத்தியோடு ஒருவர் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். வழுக்குகிற ஈரக் கயிற்றுக்குப் பல் கத்தி மாதிரி வேறு கிடையாது. "கடலுக்குப் போறவன் இடுப்புல மொண்ணைக் கத்தி இருந்தா, கத்தி இல்லாதவனவிட மோசம். இருக்குதுன்னு நம்பிக்கினு இருப்பான்" என்று அப்பா சொல்வார். இதைவிடச் சரியாக எந்த சேஃப்டி மேனுவலும் சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன? சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்து, தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுக்கிற அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அருவாமனைக்கும் கத்திரிக்கோலுக்கும் அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அவருடைய சக்கரம் தட்டையானது. தட்டையான சக்கரத்தில் பல் கத்தியை வைத்தால் முனை தேயும், குழி அப்படியே இருக்கும். நாலு முறை போனால் பல் மறைந்து மொட்டைக் கத்தி ஆகிவிடும். இந்த ஆபத்து தெரிந்துதான் நேர்மையான சாணைக்காரர் "முடியாது" என்கிறார், அதில் அவர் மேல் குற்றமில்லை. பவர் கிரைண்டர் வைத்திருக்கும் கடைகள் இன்னும் மோசம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு நீலமாகும். அது அழகுக்காக வந்த நிறமா? டெம்பரிங் பாடத்தை நினைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 டிகிரி, நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு. அந்த மெல்லிய விளிம்பு அவ்வளவு சூடேறினால் கடினம் போய்விடும். அன்றைக்குக் கூராக இருக்கும், நாலாவது நாள் மடங்கும். வீட்டில் கையால் தீட்டினால் இந்தப் பயமே இல்லை, கை கொடுக்கும் வேகத்தில் எஃகு அவ்வளவு சூடாகாது.

இனி வேலைக்கு வருவோம். செலவு ஒரு டீ, வடைக் காசைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். 400, 800, 1200 நம்பரில் ஒவ்வொரு தாள் போதும். கறுப்பாக இருக்கும் அந்தத் தாளில் ஒட்டியிருப்பது சிலிகான் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் போய், அதற்குப் பதிலாக இது கிடைத்து, 1893-இல் காப்புரிமை வாங்கினார். கார்பரண்டம் என்று அவர் வைத்த பெயர்தான் இன்றைக்கும் நம் ஊர்த் தீட்டுக்கல்லின் பெயர். 1954-லேயே சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சல் கம்பெனி தொடங்கியாகி விட்டது, ஆகவே இது எட்டாத பொருள் இல்லை. பாக்கெட் கத்தியின் எஃகு பொதுவாக ராக்வெல் சி அளவில் 55-லிருந்து 58 வரை இருக்கும். நம் ஒர்க்ஷாப் அரம் அதைவிடக் கடினம்தான், ஆனால் வித்தியாசம் கொஞ்சம். ராவினால் வழுக்கும், அரமும் கெடும். சிலிகான் கார்பைடு இரண்டையும் சுலபமாகத் தின்றுவிடும்.

அடுத்தது, குழிக்குள் நுழையும் உருண்டையான ஒரு கம்பி. இங்கேதான் மூளை வேண்டும். குழியின் வளைவைவிடக் கம்பி துளி சிறியதாக இருக்க வேண்டும், பெரியதாக இருந்தால் முனைகளைத் தின்றுவிடும். பெரிய குழிக்குப் பென்சில், நடுத்தரத்துக்குப் பால்பாயிண்ட் ரீஃபில் அல்லது ட்ரில் பிட்டின் காம்பு, பொடிக் குழிக்குச் சைக்கிள் ஸ்போக். எதுவானாலும் வாட்டர் பேப்பரை ஒரே ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, ஓரத்தைப் பசை டேப்பால் ஒட்டிவிடுங்கள். காசு இருக்கிறவர்கள் இதற்கென்றே வரும் கூம்பு வடிவ வைரக் கம்பி வாங்கலாம். ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் இருப்பதால் எல்லாக் குழிக்கும் அதுவே போதும்.

மடக்குக் கத்தியில் ஓர் எச்சரிக்கை. பூட்டு இல்லாத கத்தி என்றால் முதுகில் அழுத்தும்போது சடாரென்று மடங்கி விரலை வாங்கிவிடும். அதனால் கத்தியை முழுக்க விரித்து, முதுகை ஒரு மரக்கட்டையின் மேல் படுக்க வைத்து, பிடியைத் துணியால் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாய்வுப் பக்கம் மேலே, கூர் உங்களுக்கு எதிர்த்திசையில். கம்பியின் பின்முனையை மட்டும் பிடித்து முதுகுப் பக்கமிருந்து கூரை நோக்கி முன்னே தள்ள வேண்டும். இப்படிச் செய்தால் கை எப்போதும் கூருக்குப் பின்னாலேயே இருக்கும், தாளும் கிழியாது. திரும்ப இழுக்கும்போது அழுத்தாமல் தூக்கிக் கொள்ளுங்கள். ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் அதே பாடம்தான்!

சாய்வுக் கோணம் எத்தனை டிகிரி என்று மண்டையைக் குழப்ப வேண்டாம். கம்பெனி போட்ட கோணம் கத்தியிலேயே இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவால் குழிக்குள் மை தீட்டுங்கள். இரண்டு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். மை முழுவதும் சீராகப் போயிருந்தால் கோணம் சரி. முதுகுப் பக்கத்தில் மட்டும் போயிருந்தால் கம்பி ரொம்பப் படுத்திருக்கிறது. விளிம்பில் மட்டும் போயிருந்தால் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது. இதைவிட நல்ல இன்ஸ்பெக்ஷன் முறை எனக்குத் தெரியாது. ஃபிட்டிங் ஜாப்பில் மேடு எங்கே என்று சாயம் பூசிப் பார்க்கிறோமே, அதன் தம்பிதான் இது.

ஒரு குழிக்கு எட்டுப் பத்துத் தள்ளு. எண்ணிக்கை முக்கியமில்லை, அடையாளம் முக்கியம். சமமான பக்கத்தைப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் இழை பிடித்து இழுக்கும். பிசிறு வந்துவிட்டது என்று அர்த்தம். வந்ததும் அடுத்த குழி. எல்லாக் குழியும் முடிந்த பிறகு 800, அப்புறம் 1200. இரண்டிலும் மூன்று நான்கு தள்ளுப் போதும். கடைசியில் கண்ணாடித் துண்டின் மேல் 1200 தாளை விரித்து, கத்தியின் சமமான பக்கத்தை முழுக்கப் படுக்க வைத்து, அழுத்தமே இல்லாமல் இரண்டு மூன்று முறை இழுத்தால் பிசிறு போய்விடும். கொஞ்சம்கூடத் தூக்கிப் பிடிக்காதீர்கள், புதுச் சாய்வு விழுந்துவிடும். தாள் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும், அதுவே நல்ல தீட்டுக்கல். அம்மா பார்க்காத நேரமாகச் செய்யவும்.

கூர் வந்ததா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது வீரமில்லை, முட்டாள்தனம். டியூப்லைட்டுக்கு நேராக விளிம்பைப் பிடித்தால் போதும். மழுங்கின இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, இருட்டாகவே தெரியும். பிறகு ஒரு துண்டு நைலான் கயிற்றை அறுத்துப் பாருங்கள். கடலுக்குப் போகும் கத்தியானால் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்று பெயர் இருந்தாலும் உப்பு அதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கீலில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும்.

இத்தனை மெனக்கெடுவதற்குப் பதில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் புதுக் கத்தி ஒன்று வாங்கிவிடலாமே என்று ஒரு நண்பர் வாதாடினார். வாங்கலாம். ஆனால் மலிவுக் கத்தி சிலவற்றில் பல் குழியாகவே இருக்காது, மயிரிழை மாதிரி வரிவரியாகக் கீறிவிட்டிருப்பார்கள். அதில் ஸ்போக்கும் நுழையாது, ஊசியும் நுழையாது. அது மழுங்கினால் தூக்கிப் போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் குழி குழியாகக் கடையப்பட்ட நல்ல எஃகுக் கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வாங்குவது இருக்கிறதே, அது லாபக் கணக்கா? அரை மணி நேர வேலையால் அந்தப் பழைய கத்தி இன்னும் பல வருஷம் ஓடும்.

எனக்கு இதைவிடப் பெரிய தடையாகத் தெரிவது வேறு ஒன்று. வாசலில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, டிப்ளமோ படிக்கிற புள்ள சாணை புடிக்கிறவன் மாதிரி கத்தி தீட்டிக்கினு உக்காந்துகினு கீற?" அத்தை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான் முதல் ஆள். படித்தவன் கையில் கரி படக்கூடாது, அப்பாவின் வேலை எனக்கு வரக்கூடாது என்பது அவர்களுடைய ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்குள்ளே ஒரு நஞ்சும் இருக்கிறது. சாணை பிடிப்பவர் கீழே, சர்டிபிகேட் பிடிப்பவர் மேலே என்கிற நினைப்பு அது. நம்மில் பலரும் அதை நம்பத் தொடங்கிவிட்டோம். எம்.எஸ். பிளாட்டை மணிக்கணக்காக ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் தெரியாமல் பார்த்து, மார்க் வாங்கியதும் அந்த ஜாப்பைப் பழைய இரும்பில் போட்டுவிடுகிறோம். அதே கை வீட்டுக்கு வந்ததும் மழுங்கின கத்தியைப் பார்த்து "கடையில குடுங்க" என்கிறது. அப்பாவுக்கோ டெம்பர் கலர் என்கிற வார்த்தை தெரியாது. ஆனால் கிரைண்டரில் நீலமான கத்தியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், "இது செத்த இரும்பு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தெரிந்ததற்கு எனக்குப் பெயர் தெரியும், எனக்குப் பெயர் தெரிந்ததை அவர் கை செய்யும். இரண்டையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரத்ததானம், மரம் நடுதல் எல்லாம் செய்கிறோம், நல்லதுதான். கூடவே ஒரு நாள் கூர் முகாம் நடத்துவோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகும் வலையும் கரையில் கிடக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள், பழுது பார்க்கும் நாட்கள் அவை. நமக்கும் பரீட்சை முடிந்திருக்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் நாலு பெஞ்சு போட்டால் போதும். வாட்டர் பேப்பர் ஐம்பது தாள், ஸ்கெட்ச் பேனா, கண்ணாடித் துண்டு, பழைய ஸ்போக். ஸ்போக்குக்கு நம் சைக்கிள் ஸ்டாண்டிலேயே பஞ்சமில்லை. தீட்டிக் கொடுப்பதோடு, கொண்டு வருகிறவர் கையிலேயே கம்பியைக் கொடுத்துப் பழக்கி அனுப்ப வேண்டும் என்பது என் நிபந்தனை. இறுதியாண்டு அண்ணன்கள் இரண்டு பேர் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறார், கயிறு அறுத்துச் சோதிக்கிற வேலை அவருடையது. இன்னும் ஆறு பேர் தேவை.